சிறிய ஆட்சேர்ப்பு நிறுவனத்துக்கு எந்த இடம்? வீட்டு அறை, வாடகை அறை, பகிர்வு அலுவலகம்: மட்டக்களப்பு, அம்பாறை நிலைமையில் ஓர் ஒப்பீடு

ஒரே துறைக்குள் நின்று ஆள் தேடிக் கொடுக்கும் சிறிய ஆட்சேர்ப்பு நிறுவனம் ஒன்றை மட்டக்களப்பிலோ கல்முனையிலோ தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தொழிலைப் பற்றிய தெளிவோடுதான் வருகிறார்கள். வங்கியிலோ ஹோட்டலிலோ தனியார் மருத்துவமனையிலோ மனிதவளப் பிரிவில் இருந்து பழகியவர்கள் அவர்கள். சம்மாந்துறை அரிசி ஆலைக்கு நம்பகமான கணக்காளரைத் தேடுவது எவ்வளவு கடினம், பாசிக்குடா ஹோட்டலுக்குப் பருவம் தொடங்கும் முன் சமையலாளரை எங்கே பிடிப்பது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அவர்கள் தயங்கி நிற்பது இட விடயத்தில்தான். வீட்டின் முன்னறையில் தொடங்குவதா, பிரதான வீதியில் அறை எடுத்துப் பெயர்ப்பலகை போடுவதா, மேசை, இணையம், வரவேற்பு எல்லாவற்றையும் சேர்த்து மாதக் கட்டணத்துக்குத் தரும் பகிர்வு அலுவலகத்துக்குப் போவதா என்று கேட்கிறார்கள். மூன்றையும் ஒரே அளவுகோல்களால் அளந்து பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

ஓர் எல்லையை முதலிலேயே வரைந்துகொள்வோம். இங்கே பேசப்படுவது உள்நாட்டு நிறுவனங்களுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் தொழில் மட்டுமே. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவது 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றே செய்ய வேண்டிய வேறொரு தொழில். அதைச் செய்ய விரும்புபவர் அலுவலக இடம் பற்றிய நிபந்தனைகளைப் பணியகத்திடமே எழுத்தில் கேட்டுப் பெற்ற பின்னர்தான் எந்த வாடகை உடன்படிக்கையிலும் கையொப்பமிட வேண்டும். உள்நாட்டில் கட்டணம் பெற்று ஆள் சேர்க்கும் முகவர் நிலையங்களுக்கும் 1956ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் அது உங்களுக்கு எவ்வாறு பொருந்துகிறது என்று விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள்.

## எவற்றை வைத்து அளப்பது?

பேச்சின் இரகசியம். மற்ற அளவுகோல்கள் எல்லாவற்றுக்கும் மேலாக இதை நான் வைக்கிறேன். நல்ல விண்ணப்பதாரர் பெரும்பாலும் ஏற்கெனவே ஓர் இடத்தில் வேலை செய்துகொண்டிருப்பவர். அவர் உங்களைச் சந்தித்தார் என்ற செய்தி அவருடைய முதலாளிக்குப் போய்ச் சேர்ந்தால், புதிய வேலை கிடைக்கும் முன்பே பழைய வேலை ஆட்டம் காணும். கொழும்பில் ஒருவர் ஒரு கட்டடத்துக்குள் நுழைவதை யாரும் கவனிப்பதில்லை. நமது ஊர்களில் வெளியே நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிளைப் பார்த்தே இன்னார் உள்ளே இருக்கிறார் என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே, யார் வந்து போகிறார் என்பது எவர் கண்ணில் படும், உள்ளே பேசுவது எவர் காதில் விழும் என்ற இரண்டு கேள்விகளையும் ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

முகவரியின் உறுதி. வணிகப் பெயர்ப் பதிவு, வங்கிக் கணக்கு, பெரிய நிறுவனங்களில் வழங்குநராகப் பதிவு செய்தல் ஆகிய மூன்றுக்கும் முகவரி வேண்டும். தனியாள் வணிகமாகப் பதிவதென்றால் பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தரிடமும் போக வேண்டியிருக்கும். அங்கே, இந்த இடத்தைப் பயன்படுத்த உங்களுக்கு உரிமை உண்டா என்ற கேள்வி எழும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனியாகப் பதிவதென்றால் இலங்கையில் பதிவு அலுவலகம் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

உண்மையான மாதச் செலவும் முடங்கும் பணமும். இவை இரண்டும் வெவ்வேறானவை. மாதச் செலவு குறைவாக இருந்தும், தொடங்கும் நாளிலேயே பெருந்தொகை முடங்கிப்போவதால் தொழில் மூச்சுத்திணறலாம்.

வேலை நேரமும் மின்சாரமும். வேலையில் இருப்பவருடன் பேசக்கூடிய நேரம் மாலை ஆறு மணிக்குப் பின்னர், அல்லது ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டரைக்குத் திறந்து மாலை ஐந்தரைக்குப் பூட்டும் இடம் இந்தத் தொழிலின் பாதி நேரத்துக்குப் பயன்படாது.

வந்து சேரும் வசதி. கல்முனையிலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். வாழைச்சேனை, செங்கலடிப் பக்கத்திலிருந்தும் பேருந்தில் வருவார்கள். படுவான்கரையிலிருந்து வலையிறவுப் பாலத்தால் வருவார்கள். பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வரக்கூடிய தூரமா, தனியாக வரும் பெண் தயங்காமல் உள்ளே நுழையக்கூடிய இடமா என்று பார்க்க வேண்டும்.

வெளியேறும் வழி. தொழில் எதிர்பார்த்தபடி நடக்கவில்லையென்றால், அல்லது எதிர்பார்த்ததை விட வேகமாக வளர்ந்தால், எத்தனை மாதத்தில் எவ்வளவு இழப்போடு இடம் மாற முடியும்?

## வீட்டு அறை

செலவு குறைவு என்பதைத் தவிர இன்னொரு பலமும் இதற்கு உண்டு: நேரக் கட்டுப்பாடு இல்லை. இரவு எட்டரைக்கு விண்ணப்பதாரர் அழைத்தாலும் கோப்பு கையெட்டும் தூரத்தில் இருக்கும். தொலைபேசியிலும் வட்ஸ்அப்பிலும் முடியக்கூடிய முதற்கட்ட வேலைகளுக்கு வீட்டை விடப் பொருத்தமான இடம் இல்லை. முகவரியும் உறுதியானது, வீடு சொந்தமானதென்றால் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலில் சிக்கல் வராது.

மறைந்திருக்கும் செலவு வீட்டாரின் தலையில் விழுகிறது. நேர்முகத்துக்கு ஆள் வரும் நாளில் முன்னறைத் தொலைக்காட்சியை நிறுத்த வேண்டும், பிள்ளைகள் பின்பக்கத்தால் போய்வர வேண்டும், வந்தவருக்குத் தேநீர் கொடுக்க வேண்டும். இவற்றுக்குப் பற்றுச்சீட்டு இல்லாததால் கணக்கில் வருவதில்லை. இரகசியத்தில் வீடு பாதி தேறும். உள்ளே பேசுவது வெளியே கேட்காது. ஆனால் முன்பின் தெரியாதவர்கள் அடிக்கடி வந்துபோவதை அயலவர்கள் கவனித்துவிடுவார்கள். வாடிக்கையாளர் தரப்பிலும் ஒரு தடை இருக்கிறது. ஹோட்டல் முகாமையாளரோ நிதி நிறுவனத்தின் பிராந்திய அதிகாரியோ வீட்டுக்கு வந்து ஒப்பந்தம் பேச விரும்புவது அரிது. நீங்கள்தான் அவர்களிடம் போக வேண்டும். அதில் குறையொன்றும் இல்லை. ஆயினும், அவர்களுடைய நேர்முகக் குழு விண்ணப்பதாரர்களைப் பொதுவான ஓர் இடத்தில் பார்க்க விரும்பும்போது மண்டபமோ அறையோ மணித்தியாலக் கணக்கில் எடுக்க நேரும்.

தனியாள், ஓரிரண்டு வாடிக்கையாளர்கள், பெரும்பாலும் தொலைபேசி வேலை என்ற நிலையில் இருப்பவருக்கு வீடு போதும். ஒரு பெண் தனியாக நடத்தும் நிறுவனமென்றால், அறிமுகமில்லாத ஆண்களை வீட்டுக்கு அழைக்க வேண்டிய நிலை ஏற்படாதபடி நேரடிச் சந்திப்புகளுக்கு வேறு இடத்தைத் தொடக்கத்திலேயே ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும்.

## வீதியோரத்தில் தனி வாடகை அறை

மட்டக்களப்புத் திருகோணமலை வீதியிலோ கல்முனைப் பிரதான வீதியிலோ ஓர் அறை, வாசலில் பெயர்ப்பலகை, உள்ளே கண்ணாடித் தடுப்பு: பலருடைய மனதில் தொழில் என்றாலே தோன்றும் உருவம் இதுதான். நம்பிக்கையைப் பொறுத்தவரையில் அந்த உருவத்துக்கு மதிப்பு இருக்கிறது. வேலை எடுத்துத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கியவர்களின் கந்தோர் ஒரு நாள் பூட்டிக் கிடந்ததைக் கண்ட குடும்பங்கள் நமது மாவட்டங்களில் உண்டு. நிலையான கதவும் பலகையும் அவர்களுடைய அச்சத்தைச் சற்றுத் தணிக்கும்.

ஆனால் சிறப்புத்துறை ஆட்சேர்ப்புக்கு அந்தப் பலகையே தொல்லையாகவும் மாறும். “வேலைவாய்ப்பு” என்ற சொல்லை வீதியோரத்தில் எழுதி வைத்தால், வருகிறவர்களில் பெரும்பாலோர் கடவுச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, “தம்பி, கட்டாருக்கு ஆள் எடுக்கிறீங்களாம் எண்டு சொன்னாங்க” என்று கேட்டபடிதான் வருவார்கள். அவர்களை மரியாதையோடு உட்காரவைத்து, நாங்கள் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதில்லை, உரிமம் உள்ள முகவரா என்பதைப் பணியகத்தில் கேட்டு உறுதிப்படுத்தாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம் என்று விளக்குவது நல்ல காரியம். அதைச் செய்யத்தான் வேண்டும். ஒரு நாளின் பெரும்பகுதி அதிலேயே போய்விட்டால், நீங்கள் தேடும் அந்த ஒரு கணக்காளரை எப்போது தேடுவது? அந்தக் கணக்காளரோ, பலகை தொங்கும் வாசலில் ஊர் பார்க்க ஏறிவரவே மாட்டார். பலகையில் நிறுவனத்தின் பெயரையும், விண்ணப்பதாரரிடம் எந்தக் கட்டணமும் பெறப்படுவதில்லை என்ற ஒரு வரியையும் மட்டும் எழுதுவது ஓரளவுக்கு உதவும். தொழிலாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் பெறக்கூடாது என்பதுதான் 1997ஆம் ஆண்டு சர்வதேச தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 181ஆம் இலக்கச் சமவாயத்தின் பொதுவிதியும்கூட.

செலவில் மறைந்திருப்பவை பல. கட்டட உரிமையாளர் ஒரு வருடத்துக்கோ அதற்கு மேலோ முற்பணம் கேட்பார். அறை வெறுமையாகத்தான் கிடைக்கும். தடுப்பு, மின்விசிறி, குளிரூட்டி, மேசை, அலமாரி, மின் தடைப்படும்போது கணினியைக் காக்கும் மின்கலம் எல்லாம் உங்கள் பொறுப்பு. நீங்கள் வெளியே போகும் நாளில் கதவைத் திறந்து வைத்திருக்க ஒருவர் வேண்டும். அவருக்கு 40,000 ரூபாய் சம்பளம் கொடுத்தால், ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் உங்கள் பங்காகச் சேர்ந்து மாதம் 46,000 ரூபாய் ஆகிவிடும். மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ செலுத்த வேண்டிய வரியும் அனுமதிக் கட்டணமும் தனி.

மூன்று நான்கு பேர் வேலை செய்யும் அளவுக்கு வளர்ந்த பின்னர், அல்லது காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள், ஆடைத்தொழிற்சாலை ஊழியர்கள் என்று ஒரே நேரத்தில் பலரைச் சேர்க்கும் வேலையைச் செய்வோருக்கு, இதுவே சரியான தெரிவு. அந்த வேலையில் மக்கள் தாமாக ஏறி வருவதுதான் பலம்.

## பகிர்வு அலுவலகம்

இந்தப் பெயரில் மூன்று வெவ்வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன. அவற்றை ஒன்றாகக் கருதினால் ஒப்பீடே பிழைத்துவிடும்.

முதலாவது, திறந்த மண்டபத்தில் ஒரு மேசை. மென்பொருள் எழுதுபவருக்கும் வடிவமைப்பாளருக்கும் அது நன்றாகப் பொருந்தும். ஆட்சேர்ப்புக்குப் பொருந்தாது. ஒருவருடைய தற்போதைய சம்பளத்தையும் அவர் வேலையை விட நினைக்கும் காரணத்தையும் பத்துப் பேர் இருக்கும் மண்டபத்தில் தொலைபேசியில் பேச முடியாது. எழுந்து வெளியே போய் மாடிப்படியில் நின்று பேசுவதற்கா மாதக் கட்டணம்?

இரண்டாவது, முகவரியும் தபால் வசதியும் மட்டும். வீட்டில் வேலை செய்துகொண்டு, கடிதத் தலைப்பில் நகர முகவரியைப் போட விரும்புபவர்களுக்கானது. இதை எடுக்கும் முன், அந்த முகவரியில் வணிகத்தைப் பதிவு செய்ய இடம் நடத்துபவர் எழுத்தில் ஒப்புதல் தருவாரா, வங்கி அதை ஏற்குமா என்று இரண்டு இடத்திலும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கதவு உள்ள சிறிய கேபினும், தேவைப்படும்போது எடுக்கக்கூடிய சந்திப்பு அறையும். நமக்குப் பொருந்துவது இதுதான். கட்டடத்துக்குள் பல நிறுவனங்கள் இருப்பதால், ஒருவர் உள்ளே நுழைவதைக் கண்டாலும் எவரைப் பார்க்கப் போகிறார் என்று வெளியில் நிற்பவருக்குத் தெரியாது. காப்புறுதிக்கு வந்திருக்கலாம், கணினி வகுப்புக்கு வந்திருக்கலாம். வீட்டிலும் வீதியோர அறையிலும் இல்லாத மறைப்பு இது. சிறிய ஊரில் அதன் பெறுமதி பெரிது. இளம் பெண்கள் நேர்முகத்துக்கு வரும்போது தகப்பனாரோ சகோதரரோ கூட வருவது வழக்கம். அவர்கள் காத்திருக்க வரவேற்புப் பகுதியில் நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் இருப்பதும், பலர் நடமாடும் இடத்தில் தங்கள் பிள்ளை இருக்கிறாள் என்ற நிம்மதியும் சிறிய விடயங்கள் அல்ல.

ஆனால் கதவு இருப்பதால் மட்டும் இரகசியம் வந்துவிடாது. கேபின்களைப் பிரிக்கும் தடுப்பு பல கட்டடங்களில் உட்கூரைத் தகடு வரைதான் எழும்பியிருக்கும். அதற்கு மேல் உள்ள வெற்றிடத்தால் ஒலி அடுத்த கேபினுக்குள் இறங்கிவிடும். இதைச் சோதிப்பது எளிது. நண்பர் ஒருவரை உள்ளே இருத்தி, ஏதாவது ஒரு சுயவிபரக் கோவையைச் சாதாரணக் குரலில் வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் அடுத்த கேபினில் போய் அமர்ந்து கேளுங்கள். பெயரும் தொகையும் விளங்கினால் அந்தக் கேபின் வேண்டாம். பக்கத்துக் கேபின் பூட்டியிருக்கும் நாளில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள்.

அடுத்தது வரவேற்பு மேசையில் இருக்கும் வருகைப் பதிவேடு. பெயர், அடையாள அட்டை இலக்கம், யாரைப் பார்க்க வந்தார் என்று நிரலிட்டிருக்கும். இரண்டு மணிக்கு வந்தவர் எழுதிய வரியை இரண்டரைக்கு வருகிறவர் வாசிப்பார். அவர் முதலாமவரின் அலுவலகத்திலேயே வேலை செய்பவராகவும் இருக்கலாம். உங்கள் விருந்தினர்களை அந்த ஏட்டில் எழுதாமல் நீங்களே வந்து அழைத்துப்போக அனுமதி கேளுங்கள், இல்லையென்றால் ஒவ்வொருவருக்கும் தனிச் சீட்டு முறை கேளுங்கள். பொது அச்சியந்திரமும் அப்படித்தான். சம்பள விபரம் உள்ள தாள் தட்டில் கிடக்கும் ஐந்து நிமிடம் போதும். மலிவான சிறிய அச்சியந்திரம் ஒன்றைக் கேபினுக்குள் வைத்துக்கொள்வதும், பொது வைஃபைக்குப் பதிலாகச் சொந்தத் தரவு இணைப்பில் கோப்புகளைத் திறப்பதும் அவசியமான செலவுகள். பிறருடைய தனிப்பட்ட தகவலைக் கையாள்பவர்களின் கடமைகளை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, தன் பிழைப்பை நம்பி ஒருவர் நம் கையில் தந்த தாள் அது.

கட்டணத்தில் மறைந்திருப்பவை: இடம் நடத்துபவர் பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்தவரென்றால் விளம்பரத் தொகைக்கு மேல் 18 வீதம் சேரும், அந்த வரிக்குப் பதியாத சிறு நிறுவனத்தால் அதைத் திரும்பப் பெற முடியாது. சந்திப்பு அறை மாதத்துக்கு இத்தனை மணித்தியாலம் என்று வரையறுக்கப்பட்டிருக்கும். ஆட்சேர்ப்பில் அது முதல் இரண்டு கிழமையிலேயே தீர்ந்துவிடும். மாலை ஆறுக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் குளிரூட்டிக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். கல்முனை, காத்தான்குடிப் பக்கத்தில் வெள்ளிக்கிழமை நண்பகல் கட்டடம் பூட்டப்படுமா என்பதையும் கேட்டு, நேர்முகங்களை அதற்கேற்ப ஒழுங்கு செய்ய வேண்டும்.

இன்னோர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். பகிர்வு அலுவலகம் நடத்துபவர் அனேகமாகக் கட்டடத்தின் உரிமையாளர் அல்லர். அவரும் வாடகைக்கு எடுத்தவர். அவருடைய உடன்படிக்கை மேல்வாடகைக்கு விட அனுமதிக்கிறதா என்று கேளுங்கள். அவர் வாடகை கட்டத் தவறினால் பூட்டு விழுவது உங்கள் கதவிலும்தான். பூட்டிய கந்தோரைப் பற்றி நமது மக்கள் என்ன நினைப்பார்கள் என்பது மேலே சொன்னதுதான்.

## பணக் கணக்கு

கீழே உள்ள தொகைகள் சந்தை விலைகள் அல்ல. கணக்கிடும் முறையைக் காட்ட எடுத்துக்கொண்டவை. அந்தந்த இடத்தில் உங்களுக்குக் கிடைத்த விலையைப் போட்டுப் பாருங்கள். தனி அறைக்கு உதவியாளர் சம்பளம் இதில் சேர்க்கப்படவில்லை.

| மாதச் செலவு (ரூபாய்) | வீட்டு அறை | தனி வாடகை அறை | பகிர்வு அலுவலகக் கேபின் |
|---|---|---|---|
| வாடகை அல்லது கட்டணம் | 0 | 25,000 | 30,000 |
| பெறுமதி சேர் வரி 18 வீதம் | 0 | 0 | 5,400 |
| மின்சாரம் | 4,000 | 9,000 | 0 |
| இணையம் | 4,500 | 4,500 | 0 |
| நேர்முக அறை, மேலதிக மணித்தியாலங்கள் | 10,000 | 0 | 7,500 |
| துப்புரவு, அச்சு, தேநீர் | 2,000 | 6,000 | 2,500 |
| தளபாடம், தடுப்பு, மின்கலம் (24 மாதங்களுக்குப் பிரித்தது) | 5,000 | 15,000 | 0 |
| மொத்தம் | 25,500 | 59,500 | 45,400 |
| தொடங்கும்போது முடங்கும் பணம் | 1,20,000 | 6,60,000 | 60,000 |

கடைசி வரியில் வீட்டு அறைக்குத் தளபாடம் 1,20,000 ரூபாயும், தனி அறைக்கு மாத வாடகையில் கழிக்கப்படாத ஒரு வருட முற்பணம் 3,00,000 ரூபாயும் தளபாடத்துக்கு 3,60,000 ரூபாயும், கேபினுக்கு இரண்டு மாத வைப்பும் சேர்ந்துள்ளன.

இந்தத் தொழிலின் வருமானம் எப்போது வரும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அட்டவணையின் பொருள் விளங்கும். ஒரு கணக்காளரைத் தேடி முடிக்க ஒரு மாதம், அவர் பழைய இடத்தில் கொடுக்க வேண்டிய முன்னறிவித்தல் ஒரு மாதம், அவர் சேர்ந்த பின்னர் வாடிக்கையாளர் பணம் செலுத்த நாற்பத்தைந்து நாள் என்று வைத்தால், முதல் நாளே கட்டளை கிடைத்தாலும் முதல் காசோலை நான்காம் மாதத்தில்தான் கைக்கு வரும். அதுவரை கையிலிருந்து போகும் தொகையை, அதாவது தொடக்கத்தில் முடங்கும் பணத்தையும் தளபாடப் பங்கு நீங்கலான நான்கு மாதச் செலவையும் கூட்டினால் வீட்டுக்கு 2,02,000 ரூபாயும், கேபினுக்கு 2,41,600 ரூபாயும், தனி அறைக்கு 8,38,000 ரூபாயும் வருகின்றன. வீட்டுக்கும் கேபினுக்கும் உள்ள இடைவெளி, பலர் எண்ணுவது போலப் பெரிதல்ல. மாதாந்த மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. கேபினில் தளபாடத்துக்குப் பணம் போட வேண்டியதில்லை என்பதுதான் காரணம். அட்டவணையில் உள்ள சம்பளமில்லாத கேபினைக்கூட நடத்த, மாதச் சம்பளம் 1,20,000 ரூபாய் உள்ள ஒரு பதவிக்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டணமாகப் பெறுபவர், இரண்டரை மாதத்துக்கு ஒருவரையாவது அமர்த்தியாக வேண்டும். உங்கள் சொந்தச் செலவு அதற்கு மேல்.

## யாருக்கு எது?

கணக்கு, நிதி, தாதியர் துறைகளில் ஆள் தேடுபவர், அதாவது வேலையில் இருக்கும் ஆட்களை இரகசியமாகச் சந்திக்க வேண்டியவர், ஒலிச் சோதனையில் தேறிய கேபினை எடுக்கட்டும். அத்தகைய கேபின் தன் ஊரில் கிடைக்கவில்லையென்றால், திறந்த மேசையை எடுப்பதை விட, வீட்டில் வேலை செய்துகொண்டு நேர்முகங்களுக்கு மட்டும் மணித்தியாலக் கணக்கில் அறை எடுப்பது மேல்.

ஹோட்டல் துறைக்கு வேறு கணக்கு. கிழக்குக் கரையின் சுற்றுலாப் பருவம் ஏறத்தாழ ஏப்ரலில் தொடங்கிச் செப்டெம்பர் வரை போகும். தெற்கிலும் மேற்கிலும் அது டிசம்பரிலிருந்து மார்ச் வரை. பாசிக்குடாவுக்கும் அறுகம்பைக்கும் ஆள் சேர்க்கும் நெருக்கடி ஜனவரியிலிருந்து மார்ச் வரை, அதாவது சமையலாளரும் பரிமாறுபவரும் காலியிலும் ஹிக்கடுவையிலும் வேலையில் இருக்கும்போதே வருகிறது. அவர்களை நேரில் பார்ப்பது பெரும்பாலும் அங்கேயே நடக்கும். வருடம் முழுவதும் ஓர் அறைக்கு வாடகை கட்டுவதில் பொருளில்லை. மாதத்துக்கு மாதம் எடுக்கவும் விடவும் கூடிய கேபின், அல்லது வீடு, போதுமானது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழையும் வெள்ளமும் வீதிகளை மறிக்கும் காலத்தில் நேரடிச் சந்திப்புகள் எப்படியும் குறைந்துவிடும்.

வாடிக்கையாளர்கள் அம்பாறை நகரத்தில் இருந்தால், சிங்களத்தில் பேசவும் எழுதவும் கூடிய ஒருவரோடு அங்கேயே இடம் பார்ப்பது நல்லது. ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தள்ளி மட்டக்களப்பில் இருந்துகொண்டு அந்தத் தொடர்புகளைப் பேண முடியாது.

கொழும்பு முகவரியை வாடகைக்கு எடுக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கிழக்கில் உள்ள வங்கி, நிதி நிறுவனக் கிளைகளுக்கான ஆட்சேர்ப்புத் தீர்மானம் கொழும்புத் தலைமையகத்தில்தான் எடுக்கப்படுகிறது என்பது உண்மை. ஆனால் அவர்கள் உங்களைத் தேடி வருவது, இங்குள்ள ஆட்களை நீங்கள் அறிந்திருக்கிறீர்கள் என்பதற்காக. 065 அல்லது 067 என்று தொடங்கும் தொலைபேசி இலக்கம் அதற்குச் சான்று. கொழும்புக்கான இரவுப் பேருந்துச் செலவை ஒதுக்கி வையுங்கள், முகவரி வேண்டாம்.

## கையொப்பமிடும் முன்

பகிர்வு அலுவலகத்தைத் தெரிவு செய்பவர், வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்ட எல்லாவற்றையும் உடன்படிக்கையில் எழுதிக் கேட்க வேண்டும். மின்பிறப்பாக்கி பொதுவிளக்குகளுக்கு மட்டுமா, கேபினில் உள்ள செருகிகளுக்கும் மின் தருமா? கேபினின் மறு சாவி யாரிடம் இருக்கும், நீங்கள் இல்லாதபோது யார் எதற்காக உள்ளே போகலாம்? இடம் நடத்துபவர் உங்களை வேறு கேபினுக்கு மாற்ற முடியுமா? அப்படியென்றால் மாற்றிய கேபினிலும் ஒலிச் சோதனை செய்து ஏற்கவோ மறுக்கவோ உங்களுக்கு உரிமை வேண்டும். அதே கட்டடத்தில் உங்கள் வாடிக்கையாளரின் கிளை இருக்கிறதா என்பதைப் பெயர்ப்பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். இருந்தால், அவருடைய ஊழியர்களை அங்கே சந்திக்கும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டியதுதான்.

இறுதியாக, முன்னறிவித்தல் காலம். பகிர்வு அலுவலகங்கள் ஒரு மாத அறிவித்தலில் வெளியேறலாம் என்பதைச் சலுகையாகச் சொல்வார்கள். அதே ஒரு மாதத்தில் உங்களையும் வெளியேற்றலாம் என்பதையும் படித்துப் பாருங்கள். நீங்கள் அமர்த்திய ஒருவர் மூன்று மாதத்துக்குள் விலகினால் கட்டணமின்றி மாற்றாள் தருவதாக வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுத்திருப்பீர்கள். அந்த மூன்று மாதமும் உங்கள் முகவரிக்கு வரும் கடிதமும் உங்களைத் தேடி வரும் ஆளும் உங்களை வந்தடைய வேண்டும். ஆகவே வெளியேறிய பின்னரும் குறைந்தது மூன்று மாதத்துக்குப் பதிவுத் தபாலை வாங்கி அனுப்பிவைக்கவும், தேடி வருபவருக்குப் புதிய முகவரியைச் சொல்லவும் வரவேற்புப் பகுதி கடமைப்பட்டிருக்கிறது என்ற ஒரு வாசகத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்குச் சிறு தொகை கேட்டாலும் கொடுக்கலாம்.